தன்னைத் தானே புதுப்பிக்கும் பக்கம்

அம்மாவின் காலைக் காப்பாற்ற ஒரே ஒரு வரியை அழித்தால் போதும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. டாக்டருக்கு அது தெரியாது. அவர் சொல்ல வேண்டியதை அவர் சொன்னார்.

"புண்ணு ஆறவே இல்லம்மா. வீக்கம் முட்டி வரைக்கும் ஏறியிருக்கு. இப்படியே உக்காந்துக்கிட்டே இருந்தாங்கன்னா பாதத்தை எடுக்கறதைத் தவிர வேற வழி இருக்காது. இந்த வாரமே அட்மிட் பண்ணுங்க. தினமும் நடக்கணும். ஏன் எழுந்திருக்கவே மாட்டேங்கறாங்க?"

"கம்ப்யூட்டர் பார்க்கறாங்க டாக்டர்."

"இந்த வயசுலயா? என்ன, சீட்டாட்டமா?"

சிரித்தார். நல்ல மனுஷிதான். இருந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் எல்லோரும் என்றால் இப்போது அம்மா மட்டும்.

அம்மா பார்ப்பது என் அண்ணன் எழுதிய ஒரு வலைப்பக்கத்தை. அண்ணன் காணாமல் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பக்கம் மட்டும் இருக்கிறது.

அவன் அதை எழுதிய காலத்தில் வலைப்பக்கம் எழுதும் கணினி மொழிக்கு வயது குறைவு. இயற்பியல் ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் கட்டுரைகளை ஒருவருக்கொருவர் படிக்கக் கொடுப்பதற்காகச் செய்துகொண்ட மொழி அது. தலைப்பு, பத்தி, பட்டியல், ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவ ஓர் இணைப்பு, அவ்வளவுதான். பிறகு பிரவுசர் கம்பெனிகள் போட்டியில் இறங்கின. ஒரு கம்பெனி எழுத்தைக் கண் சிமிட்ட வைத்தது. பதிலுக்கு இன்னொரு கம்பெனி எழுத்தைத் திரையின் குறுக்கே ஓடவிட்டது. அண்ணன் யார் மனசும் புண்படக் கூடாது என்று இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டுவைத்தான். கறுப்புப் பின்னணியில் நட்சத்திரங்கள், நடுவில் 'என் அறைக்கு வருக' என்று சிமிட்டும் தலைப்பு, கீழே 'பக்கம் இன்னும் முடியவில்லை' என்று ஓடும் வரி. கல்யாண வீட்டு வாசல் தோற்றது.

அதற்கு நடுவே ஒரு படம். மானிட்டரின் தலையில் ஒரு சின்னக் கேமராவை உட்காரவைத்திருந்தான். அது அரை நிமிடத்துக்கு ஒரு முறை அவனைப் படம் எடுக்கும். அந்தப் படம் டெலிஃபோன் கம்பி வழியே, பக்கத்தைச் சேமித்துவைத்திருக்கும் சர்வருக்குப் போய், முந்தைய படத்தை நீக்கிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தின் உச்சியில், பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அண்ணன் ஒரு வரி எழுதியிருந்தான். அரை நிமிடத்துக்கு ஒரு முறை இந்தப் பக்கத்தைப் புதிதாக எடுத்து வா என்று பிரவுசருக்கு உத்தரவு. ஆகவே பார்க்கிறவர் ஒன்றும் செய்ய வேண்டாம். திரை ஒரு கணம் வெளுக்கும், அடுத்த படம் வரும்.

"நீ தலையைச் சொறியறதை உலகம் பார்க்கணுமா?" என்று கேட்பேன்.

"பார்க்கறவன் பார்ப்பான், உனக்கென்னடி" என்பான். உலகத்தில் பார்த்தது நானும் அவனுடைய நண்பர்கள் இரண்டு பேரும்தான்.

அப்போது இண்டர்நெட்டுக்கும் டெலிஃபோனுக்கும் ஒரே கம்பி. யாராவது ரிசீவரை எடுத்தால் இணைப்பு அறுந்துவிடும். அம்மா எடுக்கும்போதெல்லாம் அறையிலிருந்து அண்ணன் கத்துவான், "அம்மா, கட் பண்ணிட்டே!" என்று. ஒரு மத்தியானம் சித்தியோடு பேச அம்மா ரிசீவரை எடுத்தாள். யாரும் கத்தவில்லை. இன்றைக்குப் பிள்ளைக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று நிம்மதியாக வெகுநேரம் பேசினாள். மாலையில் நான் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் இல்லை. போட்ட சட்டையோடு போயிருந்தான். போலீஸ், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், நண்பர்கள் வீடு என்று அப்பா நாயாய் அலைந்தார். ஒரு துப்பும் கிடைக்கவில்லை.

அவனுடைய பக்கத்தைத் திறந்தால் கடைசியாக வந்துசேர்ந்த படம் இருந்தது. அதில் காலி நாற்காலி. அதற்கு அடுத்த படம் கிளம்புவதற்குள் அம்மா ரிசீவரை எடுத்துவிட்டாள்.

"நான் ஃபோனை எடுக்காம இருந்திருந்தா அடுத்த படத்துல அவன் இருந்திருப்பான்டி."

அம்மா அன்று சொன்னது இதுதான். தண்ணீர் குடிக்க எழுந்தான், அதற்குள் நான் அறுத்துவிட்டேன். இப்படித்தான் அவள் மனதில் பதிந்தது. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மறுநாள் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அறுந்துபோன அந்த அடுத்த படம் என்றைக்காவது வந்துசேரும் என்று காத்திருக்க ஆரம்பித்தாள். சாப்பிட, குளிக்க, தூங்க எழுவாள். மற்ற நேரமெல்லாம் அங்கேதான்.

பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்தப் படம் திரையில் வரும் விதத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கம்பி மெதுவாக இருந்த காலத்து ஏற்பாடு அது. முதலில் பெரிய பெரிய சதுரங்களாகக் கலங்கலாக வரும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். எங்கள் பழைய சர்வர் தள்ளாடுகிற சர்வர். படம் தெளிந்து முடிகிற சமயத்தில் அரை நிமிடம் ஆகியிருக்கும். திரை வெளுத்து, மறுபடி முதலிலிருந்து. கலங்கலாக இருக்கும் அந்தச் சில நொடிகளில் நாற்காலியின் முதுகு தோள் மாதிரி தெரியும். அதற்கு மேல் சுவரில் இருக்கும் ஈரக் கறை தலை மாதிரி தெரியும். ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்று சத்தியம் செய்யலாம். பிறகு தோள் கரையும், தலை சுவருக்குள் போகும்.

எனக்கே உடம்பு சிலிர்த்துப் போயிருக்கிறது. ஒரு தடவை அவன் திரும்பிப் பார்த்ததாகத் தோன்றியது. அதற்கப்புறம் அந்த அறைக்குள் நின்று திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். சாப்பாட்டுத் தட்டை வைப்பேன், வருவேன். கூடத்தில் உட்கார்ந்திருந்தால் கதவிடுக்கில் வெளிச்சம் வெளுத்து அடங்குவது தெரியும். மறுபடி வெளுக்கும், மறுபடி அடங்கும். வீட்டுக்குள் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருக்கும்.

அந்தப் பக்கத்தை உயிரோடு வைக்கத்தான் நான் இந்த மொழியைக் கற்றுக்கொண்டேன். பிறகு அதுவே எனக்குச் சோறு போட்டது. வலைப்பக்கங்களுக்கு இடம் வாடகைக்குக் கொடுக்கும் சர்வர் கம்பெனியில் வேலை. மற்றவர்களின் பழைய பக்கங்களைப் புது வடிவத்துக்கு மாற்றிக் கொடுப்பேன். மொழி மாறும்போதெல்லாம் அண்ணனின் பக்கத்தையும் மாற்றி எழுதினேன். எல்லாவற்றையும் டேபிள் கட்டங்களுக்குள் அடைத்த காலம் போய், அழகை எல்லாம் ஸ்டைல் ஷீட் என்று தனியாக எழுதிவைக்கும் காலம் வந்தது. பிறகு கறார்க்காரர்கள் வந்தார்கள். டேக் என்கிற குறிச்சொல்லைத் திறந்துவிட்டு மூடாமல் விட்டால் பக்கத்தையே காட்டாதே, பிழைச் செய்தியை மட்டும் காட்டு என்றார்கள். உலகத்தில் இருந்த பக்கங்கள் முக்கால்வாசி அண்ணன் எழுதினது மாதிரி அரைகுறை. யார் கேட்பார்கள்? கடைசியில் வேறு சிலர் உட்கார்ந்து, அரைகுறைப் பக்கத்தையும் எல்லாப் பிரவுசரும் ஒரே மாதிரி எப்படிப் படிக்க வேண்டும் என்று விதி எழுதினார்கள். பழைய பக்கம் எதுவும் உடையக் கூடாது என்பது அவர்கள் பிடிவாதம்.

அதனால் இந்த மொழியில் எதுவும் முழுசாகச் சாவதில்லை. சிமிட்டும் டேக்கைப் பிரவுசர்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. தெரியாத டேக்கைக் கண்டால் பிரவுசர் சண்டைக்கு நிற்காது, அதைத் தாண்டிப் போய் உள்ளே இருக்கும் எழுத்தைக் காட்டிவிடும். 'என் அறைக்கு வருக' சிமிட்டுவதை நிறுத்தி ஒரு நாள் விறைத்து நின்றது. ஓடும் வரி மட்டும் இன்றுவரை ஓடுகிறது. இத்தனை மாற்றத்திலும் உச்சியில் இருந்த அந்த ரெஃப்ரெஷ் வரியை நான் தொடவில்லை. படத்தையும் திறந்து பார்க்கவில்லை. படத்தின் பெயரை மட்டும் அப்படியே எடுத்து எழுதிவிட்டுப் போவேன்.

இப்போது கம்பெனி, அண்ணனின் பக்கம் இருக்கும் அந்தப் பழைய சர்வரை மூடுகிறது. எல்லாப் பக்கமும் சோதனையில் தேறிப் புது சர்வருக்குப் போக வேண்டும். எங்கள் டீம் லீடருக்கு நாங்கள் வைத்த பெயர் சல்லடை. எதையும் சலிக்காமல் விடமாட்டார். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே என்னைக் கூப்பிட்டார்.

"உங்க பக்கம் ஒண்ணு மட்டும் நிக்குது. ரெஃப்ரெஷ் வரி இருக்கு."

"அது இருக்கட்டும் சார். பார்க்கறது ஒரே ஆள்தான்."

"கண்ணு தெரியாத ஒருத்தர் கம்ப்யூட்டரைப் பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டு இருக்காருன்னு வைங்க. பாதியில அது முதல்லேர்ந்து ஆரம்பிச்சா அவர் என்னைக்கு முழுசாக் கேட்பாரு? படிக்கறவங்க கையிலேர்ந்து பக்கத்தைப் பிடுங்கற வேலைங்க அது."

"ஒரே ஆள்னு சொல்றேனே சார்."

"ஒரே ஆளா இருந்தா பிடுங்கலாமா?"

பதிலுக்கு நான்கு வார்த்தை சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவின் காலைத் துடைத்துக் கட்டுப் போட்டேன். பாதம் கறுத்துக்கொண்டு வந்தது. வாடை வந்தது. அம்மா குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா. கொஞ்ச நாள்தான்."

"அடுத்த படம் வர்ற நேரத்துல நான் இல்லேன்னா?"

"வராதும்மா. கேமராவையே அப்பா கழட்டிப் போட்டுட்டாரு. அவரும் போய்ச் சேர்ந்துட்டாரு. எங்கேயிருந்து வரும்?"

"உனக்குத் தெரியாது. இப்பக்கூட வந்தான். பாதி வந்தான்."

"காலை வெட்டிடுவாங்கம்மா!"

"உக்காந்திருக்கறதுக்குக் கால் எதுக்குடி?"

நான் கையிலிருந்த பஞ்சைத் தரையில் விட்டெறிந்துவிட்டு வெளியே வந்தேன். அழுகை வந்தது. அண்ணனுக்குப் பிறகு அம்மாவையும் அந்த நாற்காலிக்குக் கொடுக்க எனக்கு இஷ்டம் இல்லை.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். காலை வெயில் கூடத்தில் விழுந்திருந்தது. லேப்டாப்பைத் திறந்து பக்கத்தின் உச்சியில் இருந்த வரியை அழித்தேன். அழிப்பதற்கு ஒரு நொடிதான் ஆனது. பக்கத்தைப் புது சர்வரில் ஏற்றி, முகவரியை அங்கே திருப்பிவிட்டு, அம்மாவின் பின்னால் போய் நின்றேன். என்னை அடிப்பாளோ, மயங்கி விழுவாளோ என்று இருந்தது.

திரை வெளுத்தது. புது சர்வரின் வேகத்தில் படம் பளிச்சென்று வந்துவிட்டது. கலங்கல் இல்லை, சதுரங்கள் இல்லை, தோள் இல்லை. காலி நாற்காலி, பின்னால் சுவர். அப்படியே நின்றது.

அம்மா காத்திருந்தாள். அரை நிமிடம் போயிருக்கும். இன்னும் கொஞ்சம் போயிருக்கும். திரை வெளுக்கவில்லை.

"நின்னு போச்சா?"

"ஆமாம்மா. நான்தான் நிறுத்தினேன்."

திட்டவில்லை. முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனாள். இத்தனை வருடம் வரப்போகிற படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், வந்த படத்தை அன்றைக்குத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். விரலை நாற்காலியின் விளிம்பில் வைத்து, மேஜையின் விளிம்பு வரைக்கும் இழுத்தாள்.

"உள்ள தள்ளியிருக்கான்டி."

"என்னது?"

"நாற்காலியை. மேஜைக்கு அடியில தள்ளிவெச்சிருக்கான் பாரு. நான் தொண்டை கிழியக் கத்தினாலும் தள்ள மாட்டான். கூட்டறப்போ எத்தனை தடவை இதுல இடிச்சுக்கிட்டிருப்பேன். கடைக்குப் போனா அப்படியே கிடக்கும். குளிக்கப் போனா அப்படியே கிடக்கும். வெளியூர் போறப்போ மட்டும்தான் தள்ளிட்டுப் போவான். திரும்பி வர நாளாகும்னா மட்டும்தான்."

அந்த நாற்காலியில் கறுத்த பாதத்தோடு உட்கார்ந்துகொண்டு அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் அறுக்கலடி. நான் ஃபோனை எடுக்கறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டான். முடிவு பண்ணிட்டுத்தான் எழுந்திருக்கான்."

பிறகு ஓவென்று அழுதாள். அண்ணன் போன நாளிலிருந்து அவள் சத்தமாக அழுது நான் பார்த்ததில்லை. மத்தியானத்துக்குள் ஓய்ந்து, முகத்தைக் கழுவிவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு, "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டாள்.

பாதம் தப்பித்தது. இரண்டு விரல்களை மட்டும் எடுத்தார்கள். டாக்டர் என்னைத் தட்டிக்கொடுத்து, "எப்படிம்மா சம்மதிக்க வெச்சீங்க?" என்றார். நான் பல்லைக் காட்டினேன். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. விபத்து, கடத்தல், நினைவு தப்பியது என்று என்னென்னவோ நினைத்து அவனுக்காக உருகியிருக்கிறேன். ஐயா நாற்காலியை ஒழுங்காகத் தள்ளிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். எனக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லாமல்.

அம்மாவை வார்டில் விட்டுவிட்டு ஆபீஸ் போனேன். புது சர்வரில் எந்தப் பக்கத்தை எந்தக் கம்ப்யூட்டர் முகவரியிலிருந்து எப்போது கேட்டார்கள் என்று பதிவாகும். பழைய சர்வரில் இடம் போதாமல் அந்த வசதியை எப்போதோ நிறுத்திவைத்திருந்தார்கள். மாற்றிய பக்கங்கள் சரியாகப் போகின்றனவா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அண்ணனின் பக்கத்துக்கும் வந்தேன்.

நான் மாற்றிய அரை நிமிடத்துக்குள் அந்தப் பக்கத்தை இரண்டு முகவரிகள் கேட்டிருந்தன. ஒன்று எங்கள் வீடு. இன்னொன்று எனக்குத் தெரியாதது.

வீட்டு முகவரி அதோடு நின்றுவிட்டது. மற்றது நிற்கவில்லை. சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டிருந்தது. உடனே இன்னொரு முறை. பிறகு ஒரு பெரிய இடைவெளி. பிறகு அடுத்தடுத்து, பொறுமை இல்லாமல். இரவெல்லாம் ஒன்றும் இல்லை, காலையில் மறுபடி. பக்கம் தானாக வருவது நின்றுபோனதும் யாரோ கையால் அழுத்த ஆரம்பித்திருந்தார்கள்.

"இண்டர்நெட் ரோபோவா இருக்கும்ங்க. தானா ஊர் சுத்தற புரோகிராம்" என்றார் சல்லடை, என் தோளுக்குப் பின்னாலிருந்து.

"ரோபோன்னா சீரா வரும் சார். இது தூங்குது. எழுந்திருக்குது."

"அப்போ யாராவது வேலை இல்லாதவனா இருப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த முகவரி எந்த ஊருடையது என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியும். கண்டுபிடித்தேன். கடல் தாண்டிய ஊர். அங்கே எங்களுக்குச் சொந்தமென்று யாரும் கிடையாது. அம்மா எங்கள் வீட்டிலிருந்து அந்தக் காலி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அங்கேயும் ஒருவர் அதே அறையை அரை நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனை வருடமாக என்று சொல்ல எந்தப் பதிவும் இல்லை. அந்த நாற்காலியில் யாராவது வந்து உட்காருவார்களா என்று பார்த்தாரோ என்னவோ.

இதை அம்மாவிடம் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். யோசிக்கவே தேவையில்லை. கட்டோடு, நொண்டிக்கொண்டு, அன்றைக்கே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். இந்த முறை எழுப்ப என்னிடம் அழிப்பதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். அம்மா எழுந்து போன நாற்காலி அப்படியே கிடந்தது. ஒரு தலையணை, முதுகில் தொங்கும் துண்டு. இரண்டையும் எடுத்தேன். நாற்காலியை மேஜையிலிருந்து நன்றாக வெளியே இழுத்து, ஒரு ஆள் வந்து உட்காரும்படி திருப்பிவைத்தேன். கேமரா இருந்த இடத்தில் என் கைப்பேசியைப் பிடித்து ஒரு படம் எடுத்தேன். பழைய படத்தின் பெயரையே அதற்கு வைத்து, சர்வரில் அதன் மேல் ஏற்றினேன். அம்மா காத்திருந்த அடுத்த படம் அதுதான். என்னைத் தவிர இன்னும் ஒருவர் மட்டும் அதைப் பார்ப்பார்.

கொஞ்ச நேரத்தில் அந்த முகவரி வந்தது. பக்கத்தைக் கேட்டது. படத்தை எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம் வரவில்லை.

பயந்து ஓடிவிட்டானா, கிளம்பி வந்துகொண்டிருக்கிறானா, அவனே இல்லையா, எதுவும் தெரியாது. சாயந்திரம் ஆபீஸில் இருந்தபோது கைப்பேசி அடித்தது. அம்மா.

"வராந்தா கோடி வரைக்கும் நடந்துட்டேன்டி, யாரும் பிடிக்காம. நர்ஸே அசந்து போயிட்டா."

"நல்லதும்மா."

"நீ ஏன் இன்னும் வரல? என்ன பண்ணிட்டிருக்கே?"

"வேலைம்மா" என்றேன். "முடிச்சுட்டு வந்துடறேன்."

பதிவுகளைக் காட்டும் பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. அம்மா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் விசையை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினேன்.